ஆஃப் ஆச்சா, ஆஃப் பண்ணீங்களா?

துணைமின் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று உங்கள் பொறியாளர் தம்பி இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு மைக் பிடித்துப் பேச வராது. மூட்டுவலியோடு மாடிப்படி ஏறவும் முடியாது. முப்பத்தோரு வருஷம் கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்து, லைனை விட்டு, லைனை நிறுத்தி, அதையெல்லாம் நோட்டில் எழுதி ஓய்ந்துபோனவள் நான். நாலு வார்த்தையெல்லாம் எதற்கு, ஒரு வார்த்தை போதும், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தையும் இங்கிலீஷ் வார்த்தை. ஆஃப்.

சிரிக்காதீர்கள். இந்த வார்த்தைக்கு நம் ஊரில் எத்தனை வேலை இருக்கிறதென்று ஒரு மத்தியான ஷிஃப்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் ஆஃப் என்றால் அரை டீ. புரோட்டாக் கடையில் ஆஃப் பாயில். ஒயின்ஷாப்பில் ஆஃப் என்றால் என்னவென்று காரைக்காலில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லை தாண்டி வருகிறவர்களே சொல்லுவார்கள். இன்றைக்கு எனக்கு ஆஃப் என்றால் லீவு. மூட் ஆஃப் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். நாலு பேர் முன்னால் ஒருவனை வாயடைக்க வைத்தால் ஆளை ஆஃப் பண்ணிட்டான். ஆளே போய்ச் சேர்ந்துவிட்டால் அதுவும் ஆஃப்தான். இங்கிலீஷ்காரன் பாதிக்கு ஒரு வார்த்தையும் அணைப்பதற்கு ஒரு வார்த்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறான். நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் போலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. அந்தக் காலத்து போனில் பாதி இரைச்சல், பாதி பேச்சு. யாரோ ஒரு பையன். எனக்குக் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை, “ஆஃப் ஆயிட்டாரு” என்பதில் “ஆஃப் ஆயிட்டு” வரைக்கும்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி, தானா வந்துரும்” என்றேன்.

“எப்படி மேடம் வருவாரு?” என்றான்.

“எப்பவும் வர்ற மாதிரிதான். போனா வராமயா இருக்கும்?” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அப்புறம் ஒரு பெரியவர் போனை வாங்கினார். “அம்மா, வீட்டுல எங்கண்ணன் தவறிட்டாரு. ஐஸ் பொட்டிக்குக் கரண்டு வேணும். அதுக்குத்தான் புள்ள பேசினான்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. உடனே ஆளனுப்பிச் சரி செய்து கொடுத்தோம். ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் பிரிவே ஒரு மாதம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றைக்கே அந்த வார்த்தையைக் கொஞ்சம் முறைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இனி செல்வராசு கதைக்கு வருகிறேன். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

செல்வராசு எங்கள் லைன்மேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். கம்பத்தில் ஏறினால் கீழே நிற்பவனுக்குக் கழுத்து வலிக்கும், அவனுக்குக் கால் வலிக்காது, அப்படி ஒரு ஏறுகாரன். அவனுக்கு மேலே ஒரு ஃபோர்மேன். அவர் பெயர் வேண்டாம், இப்போது உயிரோடு இல்லை. பிரிவில் அவரை எல்லோரும் “எர்த்து மாமா” என்றுதான் சொல்வோம், முதுகுக்குப் பின்னால். காரணம், கம்பத்தில் ஏறிய எவனும் முதலில் மூன்று கம்பிக்கும், தப்பித் தவறிக் கரண்டு வந்தால் அதை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் கொக்கியை மாட்டாமல் கை வைத்தால் கீழே நின்று கத்துவார். “எவன் ஆஃப்னு சொன்னாலும் எர்த்தப் போடு. நானே சொன்னாலும் நம்பாதடா!” என்பார். அந்தக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரிய தொல்லை. ஒரு ஓலையைத் தட்டிவிட ஐந்து நிமிஷம், கொக்கி மாட்டிக் கழற்ற அரை மணி நேரமா என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே மாட்டுவார்கள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. எனக்குக் காலை ஷிஃப்ட். விடிந்ததிலிருந்து காற்றும் மழையும். பத்து மணிவாக்கில் நெடுங்காடு ஃபீடர் படாரென்று விழுந்தது. ஃபீடர் என்றால் நிலையத்திலிருந்து ஒரு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போகும் பெரிய லைன். உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். நான் அணைக்கவில்லை. எங்கேயோ மரமோ ஓலையோ பட்டு லைன் தானாக அணைந்தது, அதைத்தான் விழுந்தது என்போம். நோட்டில் நேரம் போட்டு “ஆஃப்” என்று எழுதினேன்.

அந்த ஃபீடரில்தான் அப்போது திருநள்ளாற்றின் ஒரு பகுதியும் இருந்தது. சனிக்கிழமையில் அங்கே கரண்டு போனால் என்ன ஆகுமென்று உங்களுக்கே தெரியும். வெளியூர் பஸ்கள் வந்து நிற்கின்றன, லாட்ஜ்களில் குளித்துக்கொண்டிருந்த ஜனம் தலையில் எண்ணெயும் சோப்புமாக நிற்கிறது. எங்கள் போன் அலறிக்கொண்டே இருந்தது. ஒரு லாட்ஜ்காரர், “அம்மா, அறுபது ரூமு, ஒரு சொட்டுத் தண்ணி ஏறல, எல்லாரும் என் சட்டையப் புடிக்கிறாங்க” என்கிறார். அதை வைத்தால் அடுத்தது. அதை வைத்தால் பொறியாளர். ஒரு காதில் லேண்ட்லைன், ஒரு காதில் ஆபீஸ் செல். இந்த நடுவில்தான் செல்வராசு கூப்பிட்டான்.

“அக்கா, லைன் ஆஃப்தானே?”

“ஆஃப்தாம்ப்பா” என்றேன். வைத்துவிட்டேன். மூன்று விநாடிகூட இருக்காது.

நான் சொன்னது பொய் இல்லை. லைன் ஆஃப் ஆகித்தான் கிடந்தது. ஆனால் அவன் கேட்டது அது இல்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு கம்பத்தின் மேல் தென்னை மட்டை விழுந்து கிடப்பதை அவன் கண்டுபிடித்திருக்கிறான். ஃபோர்மேன் இன்னொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் போனில் சொன்னான். “நான் அக்காகிட்டச் சொல்லி ஆஃப் பண்ணச் சொல்றேன். நீ ஒரு வாட்டி கேட்டுட்டு ஏறு” என்றார் அவர். என் இரண்டு போனும் பிசி. அவரால் என்னைப் பிடிக்க முடியவில்லை. செல்வராசுவால் பிடிக்க முடிந்தது. அவர் எனக்குச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, “ஆஃப் பண்ணிட்டீங்கதானே?” என்கிற அர்த்தத்தில் அவன் “ஆஃப்தானே?” என்று கேட்டான். “ஆஃப் ஆகிக் கிடக்குது” என்கிற அர்த்தத்தில் நான் “ஆஃப்தாம்ப்பா” என்றேன்.

ஆஃப் ஆனது வேறு, ஆஃப் பண்ணினது வேறு, பிள்ளைகளா. தானாக ஆன லைனை நான் எந்த நிமிஷமும் திருப்பி விட்டுப் பார்ப்பேன், அது என் வேலை. கையால் பண்ணின லைனை ஏறினவன் இறங்கிச் சொல்லும்வரை தொட மாட்டேன், அதுவும் என் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் உயிர் தொங்குகிறது. இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டோம், அதன் வாலில் நம் தமிழ் வினையை ஒட்டவைக்கச் சோம்பல்பட்டுவிட்டோம்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பொறியாளர் லைனில் வந்து, “என்னம்மா, இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? விட்டுப் பாருங்க” என்றார். விட்டேன். விட்ட அதே நொடியில் திரும்ப விழுந்தது. அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிவிடும், எனக்கும் பழகித்தான் இருந்தது.

“விழுந்துருச்சு சார்.”

“ஓலை எதுவாவது கெடக்கும். இன்னொரு வாட்டி விடுங்க, எரிஞ்சு விழுந்துரும்.”

அது நடக்கிற விஷயம்தான். எத்தனையோ முறை அப்படி விட்டு ஓலை எரிந்து, லைன் அப்புறம் விழாமல் ஓடியிருக்கிறது. யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. லைனை விடவும் நிறுத்தவும் இருக்கும் பெரிய சுவிட்சுதான் பிரேக்கர், அதன் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த ‘தானே’ காதில் இடித்தது. நெடுங்காடு கொம்யூனின் ஊர்கள் முழுக்க இருண்டு கிடக்கிறது, அவன் வீட்டு ஃபேனே ஓடவில்லை. லைன் ஆஃபா என்று அவன் எதற்கு என்னைக் கேட்கிறான்? கீழே நின்று தேடுகிறவனுக்கு அந்தக் கேள்வி தேவையே இல்லை. ஏறப் போகிறவன்தான் கேட்பான். அதுவும் ‘ஆஃபா’ என்று கேட்கவில்லை. ஏற்கெனவே யாரோ சொல்லிவைத்ததைச் சரிபார்க்கிறவன் மாதிரி ‘ஆஃப்தானே’ என்றான். என் கை கைப்பிடியிலேயே இருந்தது.

கையை எடுத்தேன். பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

“விட்டாச்சா?” என்றார் பொறியாளர்.

“இல்ல சார். விடல. லைன்ல ஆள் இருக்கான்னு நெனைக்கிறேன்.”

“ஏறுறதுக்கு நம்பர் போட்டு எல்.சி. குடுத்தீங்களா?”

“குடுக்கல.”

“குடுக்கலன்னா எப்படிம்மா ஆள் இருப்பான்? ஊரே கத்துது, விடுங்க!”

“முடியாது சார்” என்றேன். அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கத்திய கத்தலில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்வராசு நம்பரை அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறாதே என்று நான்தான் அவனைப் பலமுறை திட்டியிருக்கிறேன். வண்டி டேங்க் கவரில் வைத்துவிட்டு ஏறியிருக்கிறான்.

இருபது நிமிஷம் கழித்து ஃபோர்மேன் கூப்பிட்டார். “என்னம்மா பண்ணீங்க… ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஏம்மா விட்டீங்க…” என்று அழுதார். செல்வராசு என்னிடம் நேராகவே சொல்லி ஆஃப் பண்ண வைத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். அறுபதை நெருங்கிய மனுஷன் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

செல்வராசு மூன்று கம்பியில் இரண்டுக்கு எர்த் மாட்டியிருந்தான். மூன்றாவதற்குக் கொக்கியை நீட்டும்போது நான் லைனை விட்டேன். மாட்டிய இரண்டு எர்த்தும்தான் பிரேக்கரைக் கண்ணிமைக்கிற நேரத்தில் விழவைத்தன. தீப்பொறி இடது கையைத் தின்றது. அடித்த அதிர்ச்சியில் மாட்டியிருந்த கொக்கிகளும் கழன்று வயலில் விழுந்துவிட்டன. அவன் பெல்ட்டில் நினைவில்லாமல் கம்பியோடு சாய்ந்து தொங்கினான். இரண்டாவது தடவை விட்டிருந்தால், எர்த் இல்லாத லைனில் பிரேக்கர் உடனே விழுந்திருக்காது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த ஆட்களும் ஃபோர்மேனும் சேர்ந்து அவனை இறக்கினார்கள். உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் நல்லவளாக இருப்பேன். ‘முடியாது சார்’ என்று சொல்லி ஒருவனைக் காப்பாற்றியவள் என்று பிரிவில் அப்படித்தான் பேச்சு. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மீதியைக் கேளுங்கள்.

விசாரணை நடந்தது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. விசாரித்த அதிகாரி நல்ல மனுஷர்தான், குரல் உயர்த்தவில்லை. “உங்களிடம் அவர் என்ன சொன்னார்?” என்று செல்வராசுவைக் கேட்டார். “ஆஃப்னு சொன்னாங்க சார்” என்றான், கையில் கட்டோடு. “நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று என்னைக் கேட்டார். “ஆஃப்னு சொன்னேன் சார்.” அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க? அப்புறம் என்ன தகராறு?” என்றார்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: “எல்.சி. நம்பர் இல்லாமல், வாய்வார்த்தையாக லைன் கொடுக்கும் வழக்கம் உங்கள் நிலையத்தில் உண்டா?”

எல்.சி. என்றால் லைன் கிளியர். ‘இந்த லைனை நான் என் கையால் அணைத்துப் பூட்டிவிட்டேன், நீ திருப்பித் தரும்வரை திறக்க மாட்டேன்’ என்று நம்பர் போட்டு எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. சட்டப்படி அது இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. நடப்பில்? ஓலை தட்ட, ஃபியூஸ் போட, பட்டம் எடுக்க, எல்லாவற்றுக்கும் வாய்தான். “அக்கா, ஆஃப் பண்ணுங்க.” “பண்ணிட்டேம்ப்பா.” “முடிஞ்சுதுக்கா, விடுங்க.” நம்பரும் கிடையாது, எழுத்தும் கிடையாது. அந்த வழக்கத்தை அங்கே வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. எழுதச் சோம்பல். அந்த வழக்கத்தை நம்பித்தான் ஃபோர்மேன் சொன்னார், அதை நம்பித்தான் செல்வராசு ஏறினான். நான் உண்டு என்று சொல்லியிருந்தால் தப்பில் எனக்கும் பங்கு வந்திருக்கும், அவன் பாரம் பாதியாகியிருக்கும்.

“இல்ல சார்” என்றேன்.

செல்வராசு என்னைப் பார்க்கவில்லை. தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு முழுக்க அவனுடையது என்று எழுதினார்கள். எல்.சி. வாங்காமல் ஏறினான், அவ்வளவுதான் காகிதத்தில். இனிமேல் கம்பத்தில் ஏறக் கூடாது என்று ஸ்டோருக்கு மாற்றினார்கள். கம்பத்தில் ஏறுவதைத் தவிர வேறெதிலும் பெருமை இல்லாத ஒருவனை, நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்தார்கள். என் பக்கம் ஒரு வரிகூட வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். நன்றாகவே தின்றேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

இரண்டு வருஷம் கழித்து ஆள் பற்றாக்குறையால் அவனைத் திரும்ப லைன் வேலைக்கு அழைத்தார்கள், ஏறுவதற்கு இல்லை. கீழே நின்று எல்.சி. வாங்குவதும், ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. அதாவது தினமும் என்னிடம் பேசுகிற வேலை. முதல் நாள் கூப்பிட்டான். குரலில் ஒன்றுமே இல்லை.

“அக்கா, ஆஃப் ஆச்சா, ஆஃப் பண்ணீங்களா?”

“பண்ணிட்டேன்.”

“எல்.சி. நம்பர் சொல்லுங்கக்கா.”

சொன்னேன். அதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே வரிசை. மழையோ வெயிலோ, அவசரமோ சாவகாசமோ, ஒரு தடவைகூட அவன் அதைச் சுருக்கியதில்லை. பையன்கள் கிண்டல் பண்ணினார்கள். “எர்த்து மாமா போயி ஆச்சா மாமா வந்துட்டாரு” என்றார்கள். ஆனால் போகப் போக அவர்களும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நீங்களும் அப்படித்தான் கேட்கிறீர்கள் என்று உங்கள் பொறியாளர் சொன்னார். அது எங்கிருந்து வந்ததென்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன்.

என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிக் கேட்கிறானோ என்று ஆரம்பத்தில் பயந்தேன். அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் அதுவும் போயிற்று, அலுப்பு மட்டும் மிஞ்சியது. கல்யாணம் காட்சியில் பார்த்தால் “வாங்கக்கா, சாப்டீங்களா?” என்பான், வலது கையால் இலை போடுவான். அந்த விசாரணையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற கடைசி நாளும் காலை ஷிஃப்ட்தான். மாலை, சால்வை, கேக் எல்லாம் மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிவாக்கில் போன் வந்தது. நெடுங்காடு ஃபீடர். ஒரு இன்சுலேட்டர் மாற்ற வேண்டும்.

“அக்கா, ஆஃப் ஆச்சா, ஆஃப் பண்ணீங்களா?”

“பண்ணிட்டேன் செல்வராசு. என் கையால பண்ணிப் பூட்டிட்டேன்” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “அன்னிக்கு அந்த அதிகாரி கேட்டப்ப, வாயால குடுக்குற பழக்கம் உண்டுன்னு நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன். உன் வேலைய நான்தான் கெடுத்தேன்.”

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரோ ஒருவன் தூரத்தில் “ஏறவாண்ணே?” என்று கேட்பது காதில் விழுந்தது. “இருடா” என்றான் செல்வராசு அவனிடம். அழுகிறானா, பல்லைக் கடிக்கிறானா, எனக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

“எல்.சி. நம்பர் சொல்லுங்கக்கா” என்றான்.

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னான். சரியாக இருந்தது.

“இப்ப ஏறுடா” என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.